புளோக்குக்குக் கீழே ஒரு தோட்டம்

வெள்ளிக்கிழமை, இரவு

திருச்சியில் ஏறினால் நேராகச் சிங்கப்பூரில் இறங்கலாம் என்பது எங்கள் வயதுக்காரர்களுக்குப் பெரிய வசதி. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். விமானத்தில் பாதிப் பேர் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள். மீதிப் பேரில் பலர் எங்களைப் போலப் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள். இங்கே ஜூன் மாதம் பள்ளி விடுமுறை. அதற்காகவே இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்து வந்தோம்.

மகள் வீடு தோ பாயோவில், லோரோங் 8 பக்கம், பதினோராவது மாடி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடு. இந்த நாட்டில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கிறார்கள். தோ பாயோ 1960களில் எழுந்த ஊர். அதற்கு முன் இங்கே சதுப்பு நிலமும் கூரை வீடுகளும் காய்கறித் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளுமாக இருந்ததாம். இப்போது எங்கே பார்த்தாலும் புளோக்குகள் (அடுக்குமாடிக் கட்டடத்தை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பெரிய எழுத்தில் எண்.

இவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். இப்போது எங்கள் காலைப்பொழுது ஸ்ரீரங்கத்து மொட்டைமாடியில், குரோ பேக்குகளுக்கு நடுவில் போகிறது. அதனால் வீட்டு வாசல் நடைபாதையில் நின்று கீழே எட்டிப் பார்த்ததும் இரண்டு பேர் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. இரண்டு புளோக்குகளுக்கு நடுவே, பச்சை வேலி போட்ட ஒரு துண்டு நிலம். வாழை தெரிந்தது, பப்பாளி தெரிந்தது, பந்தலில் ஏதோ கொடி. "அது முருங்கைதானே?" என்று இவர் கேட்டார். முருங்கைதான்.

சாயந்திரம் லிஃப்டில் ஒரு தமிழ் அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்து, நாலாவது மாடி வருவதற்குள் நாங்கள் மாடித்தோட்டக்காரர்கள் என்று தெரிந்துகொண்டுவிட்டார். "அப்போ சனிக்கிழமை காலையில எட்டரைக்குக் கீழ வாங்க. எல்லாரும் இருப்போம்" என்றார். நாளைக்கு ஏற்கெனவே கோயில், சந்தை, லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா, தாவரவியல் பூங்கா என்று மகள் பெரிய பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். தோட்டத்தையும் அதில் சேர்த்தாயிற்று.

சனிக்கிழமை, மதியம்

தேக்கா நிலையம் என்கிற சந்தைக் கட்டடத்தில் சாப்பாடு முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். மகளும் பேத்தியும் மாடியில் துணிக்கடைகளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். காலையில் நடந்ததை மறக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

விடியும் முன்பே குயில் எழுப்பிவிட்டது. ஆமாம், நம்ம ஊர்க் குயிலேதான். மணி ஐந்தரை, வெளியே கும்மிருட்டு. சிங்கப்பூர் 1982இல் தன் கடிகாரத்தை மலேசியாவோடு சேர்த்து அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. அதனால் இங்கே சூரியன் ஏழு மணிவாக்கில்தான் எட்டிப் பார்க்கிறது. விளக்கு வெளிச்சத்திலேயே நடந்து வைராவிமட காளியம்மன் கோயிலுக்குப் போனோம். முன்பு நகரின் நடுவே இருந்த பழைய கோயில், 1980களில் தோ பாயோவுக்கு இடம் மாறி வந்தது. சனிக்கிழமை என்பதால் கூட்டம். ஒரு சீனப் பெண்மணி செருப்பை ஓரமாக விட்டுவிட்டு வந்து, கை கூப்பி, பத்து நிமிஷம் அசையாமல் நின்றார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு பழக்கமான காட்சி போலிருக்கிறது.

அங்கிருந்து மீனும் காய்கறியும் விற்கும் ஈரச் சந்தை, பிறகு காப்பிக்கடை. இவருக்கு முட்டை ஆகாது, அதனால் தேங்காய்ப்பாலும் முட்டையும் பாண்டான் இலையும் சேர்த்துக் கிண்டிய காயாவை விட்டுவிட்டு வெறும் வெண்ணெய் ரொட்டி. நான் காயா போட்டே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. சரி, தோட்டத்துக்கு வருகிறேன்.

எட்டரைக்குப் போனபோது வேலிக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர், எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். நிலம் மொத்தமும் எங்கள் தெருவில் இரண்டு மனை அளவு இருந்தால் அதிகம். அதை மரச்சட்டமும் செங்கல்லும் வைத்துப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் ஒருவர் தள்ளுநாற்காலியில் வந்தாலும் திரும்புகிற அளவுக்குப் பாதை விட்டிருந்தார்கள். அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. தரையில் குனிய முடியாதவர்களுக்காக இரண்டு பாத்திகளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். முட்டிவலியோடு குரோ பேக்குக்கு முன்னால் உட்கார்ந்து எழுகிற எனக்கு அந்த உயரத்தின் அருமை தெரியும்.

இப்படிப்பட்ட தோட்டங்கள் இங்கே 2,000க்கும் மேல் இருக்கின்றன. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்புகளில், பள்ளிகளில், மருத்துவமனைகளில் எல்லாம் ஆட்கள் ஒன்றுசேர்ந்து தோட்டம் போட்டால் கழகம் வழிகாட்டும். நிலம் பொது, உழைப்பு குடியிருப்பவர்களுடையது. 2020இல் கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் காய்கறி, கீரை விதைப் பொட்டலங்களையும் கழகம் அனுப்பியது. அந்தப் பொட்டலத்தில் ஆரம்பித்து இங்கே வந்து சேர்ந்தவர்கள் இந்தத் தோட்டத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அக்கா காட்டினார்.

ஒரு பாத்தி ஒரு சமையலறை என்று சொல்லலாம் போல இருந்தது. யாருடைய பாத்தி என்று கேட்கவே வேண்டாம், செடியைப் பார்த்தாலே தெரிகிறது. அக்கா பாத்தியில் கத்தரி, வெண்டை, தண்டுக்கீரை, ஓரத்தில் கற்பூரவல்லி. பக்கத்தில் மலாய் அம்மா ஒருவர். எல்லாரும் அவரை 'மக்சிக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், மலாயில் அத்தை, சித்தி மாதிரி. அவர் பாத்தியில் எலுமிச்சம்புல், லக்சா குழம்புக்குப் போடும் கெசும் இலை, குட்டிக் குட்டியாகக் காரமான மிளகாய், பந்தலில் சிறகவரை, வேலி முழுக்க நீலச் சங்குப்பூ. நாம் சங்குப்பூவைப் பறித்து சாமிக்கு வைப்போம். இவர்கள் அதை ஊறவைத்த நீலத் தண்ணீரில் அரிசியை வேகவைப்பார்களாம். சிறகவரைப் பிஞ்சைப் பறித்து அப்படியே என் கையில் கொடுத்து, சம்பால் என்கிற மிளகாய்த் துவையலைத் தொட்டுப் பச்சையாகக் கடிக்க வேண்டும் என்று சைகையில் காட்டினார். சம்பால் இல்லாமலே கடித்தேன். மொறுமொறுவென்று, லேசான இனிப்போடு இருந்தது.

அதற்கடுத்து ஒரு சீனத் தாத்தா, எண்பதைத் தாண்டியவர். பாத்தி முழுக்கச் சர்க்கரைவள்ளிக் கொடி. ஆனால் கிழங்குக்காக இல்லை. இலையையும் இளந்தண்டையும் பூண்டு போட்டு வதக்குவார்களாம். கிழங்கை அவர் வாயில் வைப்பதில்லை என்றார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து, 1945 செப்டம்பர் வரை அவர்கள் ஆட்சி. அரிசி கிடைக்கவில்லை. ஊரே மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் தின்று உயிர் பிழைத்தது. சின்னப் பிள்ளையாக அவர் தின்ற கிழங்கு இந்த ஜென்மத்துக்குப் போதும் என்று அக்கா மொழிபெயர்த்துச் சொல்ல, தாத்தா தலையை ஆட்டினார். ஆனாலும் அந்தக் கொடியைத் தன் பாத்தியிலிருந்து அவர் எடுக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேசும் ஹொக்கியன் தெரியாது. கொடியைத் தூக்கிப் பிடித்து, எந்தக் கணுவில் கிள்ள வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். நானும் கிள்ளினேன்.

இப்படி மூன்று சமையலறையும் ஒரே வேலிக்குள் வந்தது தற்செயல் இல்லை. 1989இலிருந்து இந்த அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எவ்வளவு வரை இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் ஒரே லிஃப்டில் ஏறித்தான் ஆக வேண்டும். லிஃப்டில் சேர்ந்து நிற்பது வேறு, ஒரு குழாயிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பது வேறு. இங்கே அந்த இரண்டாவது நடக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இவர் நேராகக் குழாயடிக்குத்தான் போனார். பணிமனைக்காரர் அல்லவா. பூவாளிகள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தொட்டிகளுக்கு அடியில் ஒரு தட்டுகூட இல்லை. பந்தலுக்கு நட்ட மூங்கில்களின் வாயில் மண்ணை அடைத்திருந்தார்கள். காரணம் டெங்கு. மூங்கில் குழலில் தேங்கும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் போதும், ஏழெட்டு நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். அதிகாரிகள் எந்த நேரமும் சோதனைக்கு வருவார்கள், புழு இருந்தால் அபராதம். ஆனால் இங்கே அபராதத்துக்குப் பயந்து செய்வது போலத் தெரியவில்லை. மேலே பதினைந்து மாடிப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தானே என்று அக்கா சொன்னார். நம் ஊர் மாடித்தோட்டக்காரர்கள் தொட்டித் தட்டு விஷயத்தில் இவ்வளவு கறாராக இருந்தால் எத்தனையோ வீட்டில் காய்ச்சல் வராது. ஊருக்குப் போனதும் எங்கள் மாடியில் அந்தத் தட்டுகளை எடுக்கப் போகிறோம்.

மண்ணைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? கட்டடம் கட்டிய இடம், தோண்டினால் செங்களி. அதன்மேல் மக்கிய உரத்தைக் கலந்து கலந்துதான் பாத்தி ஆக்கியிருக்கிறார்கள். இன்னொரு சிரமம் மழை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரி 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. திருச்சியில் அதில் பாதிகூடக் கிடையாது. நமக்குத் தண்ணீர் போதாத கவலை, இவர்களுக்கு மழை சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போகிற கவலை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி உரம் போடுகிறார்கள். கீரைப் பாத்திக்கு மேல் வலை கட்டி மழையின் அடியைத் தாங்க வைக்கிறார்கள். உரத்தொட்டியில் காய்கறித் தோல், முட்டை ஓடு, காப்பிக்கடையில் வாங்கிவந்த காப்பிச் சக்கை, அதன்மேல் சருகு, மறுபடியும் ஈரக்கழிவு, மறுபடியும் சருகு. மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். நல்ல சூடு, கெட்ட வாசனை துளியும் இல்லை. சருகு தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மருந்து அடிப்பதில்லை. பாகற்காய் ஒவ்வொன்றுக்கும் பிஞ்சிலேயே காகிதப் பை மாட்டிப் பழ ஈக்கு எட்டாமல் செய்திருக்கிறார்கள். பூசணிக்கு ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவி விடுகிறார்கள். ஆப்பிரிக்க நத்தைகளைக் காலையில் கையால் பொறுக்குகிறார்கள். ஓரமாக ஒரு கறிவேப்பிலைச் செடி மட்டும் கிளை தெரிய மொட்டையாக நின்றது. என்ன ஆயிற்று என்று கேட்டால், அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சிக்கு விட்டது என்கிறார்கள். மற்றச் செடிகளில் புழுவைப் பார்த்தால் எடுத்துவந்து இதில் விட்டுவிடுவார்களாம். பள்ளியில் வருஷா வருஷம் பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். பேத்தியைக் கூப்பிட்டு, பறவை எச்சம் போல இருக்கும் சின்னப் புழுவையும், பச்சையாகக் கொழுத்துவிட்ட பெரிய புழுவையும் காட்டினேன். இரண்டும் ஒரே பூச்சி என்பதை அவள் நம்பவே இல்லை. சின்னப் புழு இன்னும் தோல் உரிக்க வேண்டும் என்று சொன்னதும், உரிக்கிறவரை இங்கேயே இருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனைக்கும் மேல் நான் தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றுதான். சண்டை வராதா? அக்கா மறைக்காமல் சொன்னார், வந்தது. ஒரு சமயம் பழுத்த பப்பாளி எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. வேலியை உயர்த்தலாம், பூட்டை மாற்றலாம், கேமரா வைக்கலாம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் மக்சிக் சொன்னதுதான் நின்றது. சனிக்கிழமைதோறும் அறுவடையில் ஒரு பங்கைக் கூடையில் போட்டு வேலிக்கு வெளியே வைப்பது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பெயர் கேட்பதில்லை. அதற்குப் பிறகு திருட்டு நின்றுவிட்டது என்றார்.

அதோடு சேர்ந்து மற்ற ஏற்பாடுகளும் வந்திருக்கின்றன. அவரவர் பாத்தியில் விளைவது அவரவருக்கு. கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை, பாண்டான் இந்த நாலும் புளோக்குக்கே பொது, கொத்தோடு ஒடிக்காமல் தேவைக்குக் கிள்ளிக்கொள்ளலாம். எதையும் விற்பதில்லை. தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு இரவு வந்துவிடும். ஊருக்குப் போகிறவர் தன் முறையை யாரிடம் ஒப்படைக்கிறார் என்று அதிலேயே எழுத வேண்டும். தொடர்ந்து பாத்தி காய்ந்து கிடந்தால் காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். சாவி மூன்று பேரிடம், மூன்று வெவ்வேறு மாடிகளில்.

என்னைக் கேட்டால் இந்தத் தோட்டத்தைத் தாங்குவது இந்த உடன்பாடுதான். உரமும் விதையும் எங்கும் கிடைக்கும். கூடையை வெளியே வைக்கச் சம்மதித்த அந்த மனசும், வைத்தே தீர வேண்டும் என்று சனிக்கிழமை தவறாமல் வைக்கிற ஒழுங்கும் கிடைப்பதுதான் கடினம்.

பத்து மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. சுமத்ரா என்று இங்கே பெயர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடியலிலோ காலையிலோ மேற்கிலிருந்து காற்றோடு வரிசையாக வந்து அடித்துவிட்டுப் போகும் மழை. எல்லாரும் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஓடினோம். அந்தத் தளத்தில் வீடுகள் கிடையாது, திறந்த கூடம் மாதிரி விட்டிருக்கிறார்கள். கல்யாணம், துக்கம், சீட்டாட்டம், எல்லாம் அங்கேதான். மழை நிற்கும்வரை கீரை ஆய்ந்தோம். மக்சிக் எனக்கு ஒரு பிடி சிறகவரை விதை கொடுத்தார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இந்தியாவுக்குள் செடியோ விதையோ கொண்டுவர 2003 ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் சான்றிதழும் வேண்டும். ஒரு விதையோடு புது நோயும் பூச்சியும் ஊருக்குள் வந்துவிட முடியும். அக்கா அதை மலாயில் எடுத்துச் சொன்னதும், மக்சிக் விதையை உள்ளே வைத்துவிட்டு அதற்குப் பதிலாகக் காயாகவே ஒரு பை நிறையக் கொடுத்தார்.

பேத்தி புழுவை விட்டு வந்தது மழைக்காகத்தான்.

சனிக்கிழமை, இரவு

தோ பாயோவிலிருந்து ரயிலில் நியூட்டன், அங்கே நீல வழித்தட ரயிலுக்கு மாறினால் அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. அப்படித்தான் மதியம் தேக்கா வந்தோம். ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில் தமிழைப் பார்க்கும்போதெல்லாம் இவர் முகம் மலர்கிறது. தேக்கா சந்தையில் முருங்கைக்காய், வாழைப்பூ, சேனை, மணத்தக்காளி, கட்டுக்கட்டாகக் கறிவேப்பிலை. இந்த நாடு சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. காலையில் பார்த்த தோட்டங்கள் அந்தப் பெரிய கணக்கை மாற்றிவிடப் போவதில்லை. ஆனாலும் தன் சாப்பாட்டில் ஒரு பிடிக் கீரை எப்படி முளைத்தது என்று தெரிந்த பிள்ளைகள் அந்த ஊரில் வளர்கிறார்கள்.

தேக்காவிலிருந்து அதே நீல ரயிலில் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆனது. நுழைவுக் கட்டணம் இல்லை, காலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு. ஆர்க்கிட்களை அழகு என்று ஒரு வார்த்தையில் சொல்லி நகர்கிறேன், படங்கள் எல்லாரிடமும் இருக்கும். ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தையும் பார்த்தோம். தாழ்ந்து படர்ந்த அந்தக் கிளையை நேரில் பார்ப்பது தனி.

எனக்கு இந்தப் பூங்காவில் வேறொரு வேலை இருந்தது. என் தாத்தாவின் தம்பி மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கங்காணி ஒருவர் கூட்டிப் போனாராம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார் என்பது வரை வீட்டில் தெரியும். கடிதம் சில வருஷம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அவரைக் கூட்டிப்போன அந்த மரத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ரப்பர் மரம் பிரேசில் காட்டுக்காரன். அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த நாற்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில இந்தப் பூங்காவில் நடப்பட்டன. 1888இல் இங்கே பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மீன்முள் வடிவில் சீவி, நாள்தோறும் பாலை எடுக்கும் முறையைச் சோதித்துக் கண்டுபிடித்தார். காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதையைப் போட்டுப் பாருங்கள் என்று பையில் போட்டுக்கொண்டு அலைந்தவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று சொன்னார்களாம். காப்பி விலை சரிந்தது, மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் கேட்டார்கள். காடு காடாக மலாயா ரப்பர் ஆனது. அதில் பால் சீவத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் போனார்கள். ரிட்லி நூறு வயது வாழ்ந்து 1956இல் இறந்தார். விடியும் முன் சீவுகத்தியோடு மரத்தடிக்குப் போன எங்கள் சின்னத் தாத்தா எத்தனை வயது வாழ்ந்தார் என்று எங்களிடம் கணக்கு இல்லை.

ரப்பர் மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். இவர் பக்கத்தில் பேசாமல் நின்றார். மகளிடம் அந்தக் கதையை முழுசாகச் சொன்னது இன்றைக்குத்தான். வேலைக்கு விமானத்தில் வந்து இறங்கியவள் அவள். தனக்கு முன்னே இந்தக் கடலைத் தாண்டிய ஒருவர் குடும்பத்தில் இருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் பேத்திக்காக தோ பாயோ டிராகன் விளையாட்டிடத்தில் இறங்கினோம். 1979இல் கட்டியது, ஆரஞ்சுத் தலையும் இரும்புக் கம்பி உடம்புமாக இன்னும் மணல்மேல் நிற்கிறது. அவள் ஏறி இறங்கினாள், இவர் இரும்புக் கம்பிகளின் பற்றவைப்பைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாடு: அக்கா கொடுத்த தண்டுக்கீரைக் கூட்டு, தாத்தா கிள்ளிக் கொடுத்த வள்ளித்தண்டைப் பூண்டு போட்டு வதக்கியது, சிறகவரையைத் தேங்காய் போட்டுப் பொரியல். பேத்தி மூன்றையும் சாப்பிட்டாள். கால் இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

இன்று வெளியே எங்கும் போகவில்லை. காலையில் இவர் தானாகவே கீழே இறங்கிப் போனார். வேலிக் கதவின் கீல் தொங்கிக்கொண்டிருந்ததை நேற்றே பார்த்து வைத்திருக்கிறார். மருமகனின் கருவிப்பெட்டியை வாங்கிக்கொண்டு போய், அக்காவிடம் கேட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டு வந்தார். சீனத் தாத்தா பக்கத்தில் நின்று திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாராம். மொழியே தேவைப்படவில்லை என்றார்.

இன்று ராத்திரி வந்த முறைப்பட்டியலில் புதன்கிழமைக்கு எங்கள் வீட்டுக் கதவு எண் இருக்கிறது. நாங்கள் இங்கே இருக்கும்வரை அந்தத் தண்ணீர் எங்கள் பொறுப்பு.

இன்னொரு வேலையும் செய்தோம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் நகரில் மனை பிரித்தபோதே பூங்காவுக்கென்று விட்ட இடம் இருக்கிறது. இப்போது அதில் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் மட்டுமே விளைகின்றன. குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு இவர் சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதம் எழுதினேன். இடம் மாநகராட்சியுடையது என்பதால் முதலில் எழுத்துப்பூர்வமான அனுமதி. பிறகு ஒரு குழாய், அதன் கட்டணத்தைச் சங்கக் கணக்கில் சேர்ப்பது. முழு இடத்தையும் தொடாமல் பத்துப் பாத்தி மட்டும், அதில் இரண்டு இடுப்பு உயரத்தில். கறிவேப்பிலை, முருங்கை, எலுமிச்சை தெருவுக்குப் பொது. மூன்று சாவி, மூன்று தெருவில். சனிக்கிழமைக் கூடை, கதவுக்கு வெளியே. கோடை முடிந்து ஆடியில் விதைக்கலாம் என்று தேதியும் போட்டிருக்கிறோம்.

செயலாளர் ஒரு மணி நேரத்தில் பதில் அனுப்பிவிட்டார். கருவேலத்தை வெட்ட ஆள் சொல்லட்டுமா, நீங்கள் வந்த பிறகா என்று கேட்டிருக்கிறார். அனுமதி கையில் வந்த பிறகு வெட்டலாம், வேரோடு எடுக்க வேண்டும் என்று இவர் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.